ஃபோன் பக்கத்துலயே இருக்கு

மார்ச் 3
மாத்தி வைக்க இதயம் கெடச்சிருக்குன்னு ஆஸ்பத்திரி ஃபோன் இன்னைக்கும் வரல.

மார்ச் 5
நைட்டு ரெண்டு மணிக்கு வந்துச்சு. எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணியும் வேணாம், கிளம்பி வாங்கன்னாங்க. இவ வழி முழுக்க என் கைய விடவே இல்ல. விடியறதுக்குள்ள திருப்பி அனுப்பிட்டாங்க. எக்கோல, அதான் இதய ஸ்கேன்ல, எனக்கு வைக்க இருந்த இதயத்தோட இடது வென்ட்ரிக்கிள், உடம்புக்கு ரத்தத்த தள்ற அறை, சரியா சுருங்கலயாம்.

மார்ச் 6
இதயம் குடுக்க இருந்தவருக்கு அடிபட்டது தலையில, இதயம் எப்படி டாக்டர் கெடும்னு கேட்டேன். மூளை வீங்கி மூளைத்தண்டு நசுங்கற நேரத்துல அட்ரினலின் வகையறா எல்லாம் ஒரேயடியா கொட்டுமாம், பிரஷர் எகிறி ரத்தக்குழாய் இறுகி, இதயம் அதுக்கு எதிரா அடிச்சு அடிச்சு, செல்லுக்குள்ள கால்சியம் அளவுக்கு மேல புகுந்து, சுருங்குன தசைநார் சுருங்குனபடியே செத்துப்போகுமாம். மைக்ராஸ்கோப்ல பட்டை பட்டையா தெரியும்னார். இதுக்குப் புயல்னே பேரு. புயல் அடங்குனதும் பிரஷர் அப்படியே விழுந்துரும்.

நெஞ்சுல ஒரு கீறல் கூட இல்லாம.

மார்ச் 7
அங்க உறுப்பு தானத்துக்கு கையெழுத்து போட்டவங்ககிட்ட, இதயம் எடுக்கலன்னு சொல்லிருப்பாங்களா? சொல்லாம இருந்தா நல்லது.

மார்ச் 9
அந்த இதயத்தோட இஎஃப் 35, அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் அறையில இருக்கிற ரத்தத்துல நூத்துக்கு எவ்வளவு வெளிய தள்ளுதுங்கற கணக்கு. என்னோடது 18. 35-ஐ வேணாம்னுட்டு 18-ஐ தூக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன், சிரிப்பா வருது. இன்னைக்கு டாக்டர் இன்னொண்ணும் சொன்னார், அதுதான் தூங்க விடல. புயல்ல எல்லா தசையும் சாகாதாம், பாதி மயங்கித்தான் கெடக்குமாம், முதல் எக்கோல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், ஹார்மோன் குடுத்து மருந்த கொறச்சு ஒரு நாள் பொறுத்துப் பாத்தா சிலது நல்லா எழுந்துருமாம். அப்ப ஏன் பொறுக்கலன்னு கேட்டேன். அங்க பிரஷரே நிக்கலயாம், லிவரும் கிட்னியும் யாருக்கோ போகணும்ல. நியாயம்தான். ஆனா மயங்கித்தான் கெடந்திருந்தா?

மார்ச் 10
மயங்கித்தான் கெடந்திருந்தா.

மார்ச் 12
இதப் பத்தி இனி பேசுனா ஃபோன தூக்கி எறிஞ்சிருவேன்னா. என் ஃபோனயா அவ ஃபோனயான்னு கேட்டேன். அழுதுட்டா.

மார்ச் 14
1967-ல முதல் இதய மாற்று நடந்த அதே கேப் டவுன்ல, 1980கள்ல பபூன் குரங்குகள வச்சு இந்தப் புயல ஆராஞ்சிருக்காங்க. இதயத்துக்குப் போற நரம்ப முன்கூட்டியே வெட்டிட்டா தசை தப்பிச்சிருச்சாம். பாவம் குரங்கு. மாத்தி வைக்கிற இதயத்துலயும் நரம்பு வெட்டுப்பட்டுத்தான வரும், நான் பயந்தா கூட அதுக்கு உடனே தெரியாது, ரத்தத்துல அட்ரினலின் போய் சேந்த பிறகுதான் வேகம் புடிக்கும். அதாவது என்னவிட கொஞ்சம் லேட்டா பயப்படும். இது மட்டும் எனக்குப் புடிச்சிருக்கு.

மார்ச் 15
மூச்சு வாங்குது. ரெண்டு தலகாணி பத்தல, மூணு வச்சாச்சு.

மார்ச் 16
சாயங்காலம் ஃபோன். வேற ஒருத்தரோட இதயம். முதல் எக்கோ சுமார்தானாம், ஆனா பிரஷர் நிக்குதாம், அதனால தள்ளல, ஆறு மணி நேரம் விட்டு மறுபடி எக்கோ. இவ பைய எடுத்து வாசல்ல வச்சுட்டா. மணி 11:40. இப்ப பாத்துட்டு இருப்பாங்க