நீளமான டச்சுச் சொற்களை வாய்விட்டுப் படிக்கப் பழகியது

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். டச்சில் இரண்டு மூன்று சொற்களை இடைவெளியே விடாமல் ஒட்டி எழுதுவார்கள். உடம்பு முடியாமல் வேலை செய்ய இயலாதவர்களுக்கான காப்பீட்டின் பெயர் ஆர்பைட்ஸ்ஒன்ஹஸ்ஹிக்ட்ஹைட்ஸ்ஃபர்ஸேகரிங். டச்சில் 33 எழுத்து!

மொழி வகுப்பில் இதைப் பின்னாலிருந்து பிரிக்கச் சொன்னார்கள். கடைசித் துண்டான ஃபர்ஸேகரிங் என்றால் காப்பீடு. முன்னால் நிற்பதெல்லாம் எந்தக் காப்பீடு என்று சொல்பவை. மரப்பெட்டி என்றால் பெட்டிதானே, அதனால் நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஒட்டு இருக்கும் இடத்தைப் பல சொற்களில் ஒரு 'ஸ்' காட்டிக்கொடுக்கும்.

அழுத்தம்தான் நாள் எடுத்தது. தமிழில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லத்தான் நாக்கு போகும். டச்சுக் காதோ அழுத்தத்தைத் தேடுகிறது. ஒரே எழுத்துக்கூட்டில் எழுதும் ஒரு சொல்லை 'மஸாஜ-பெட்' என்று பிரித்து இரண்டாம் அசையை அழுத்தினால் மசாஜ் கட்டில். 'மஸ்ஸா-ஹபெட்' என்று முதல் அசையை அழுத்தினால் கூட்டு ஜெபம். எங்கே பிரிக்கிறோம் என்பதை வைத்தே அழுத்தமும் அமைகிறது.

பொதுவாகக் கூட்டுச்சொல்லில் முதல் துண்டுக்குத்தான் முதன்மை அழுத்தம். எனக்குக் கைகொடுத்த பயிற்சி, கடைசித் துண்டில் தொடங்கி முன்னால் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. தனியாகச் சொல்லும்போது ஃபர்ஸேகரிங்கில் 'ஸே' ஓங்கும். முன்னால் ஸோர்ஹ் சேர்ந்து மருத்துவக் காப்பீடு ஆனதும் அழுத்தம் 'ஸோர்ஹ்'க்குத் தாவிவிடும். 'ஸே' கொஞ்சம் தணியும். 'ஃபர்' மட்டும் எங்கே வந்தாலும் அழுத்தம் இல்லாமல் லேசாகக் கடந்துபோகும். மேசையில் தட்டிக்கொண்டே இப்படிச் சொல்லிப் பாருங்கள், தாவல் கையிலேயே தெரியும். அப்புறம் அந்த 33 எழுத்துச் சொல்லிலும் 'ஆர்' தானாக முன்னுக்கு வரும்.

விதிவிலக்கும் உண்டு. மருத்துவமனையான ஸீக்கன்ஹௌஸில் வழக்கம்போல முதல் அசை ஓங்கும். நகரமன்றக் கட்டடமான ஸ்டாட்ஹௌஸிலோ 'ஹௌஸ்'தான் ஓங்கும். மேயரைக் குறிக்கும் புர்ஹமேஸ்டரில் 'மே'. இவற்றுக்கு விதி தேடிக்கொண்டிருக்காமல், அழுத்தக் குறி போட்ட அகராதியைப் பார்த்து அப்படியே மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.