ஆர்டர் பை இல்லாத குயரியால் பட்ட பாடு

சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் கணக்கு சாப்ட்வேரை இந்த சீசனில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கிழங்கு வரவை ஊர்வாரியாகப் பிரித்து, ஊருக்கு ஒரு மொத்தம் போட்டுத் தரும் ரிப்போர்ட் ஏற்கெனவே அதில் இருந்தது; ஜாஸ்பர் என்ற, ரிப்போர்ட் தயாரிக்கும் ஜாவா மென்பொருளில் செய்தது. எடைமேடை இரண்டாகி, இரண்டு கணினியின் பதிவுகளும் ஒரே டேபிளில் விழ ஆரம்பித்ததும் வந்தது வினை. வாழப்பாடி என்று தலைப்பு, நாலு லோடு, மொத்தம். அடுத்து ஆத்தூர். அப்புறம் மறுபடியும் வாழப்பாடி, அதற்குத் தனி மொத்தம்! பணம் வாங்க வந்த விவசாயிகள் வாசலில் நிற்க, கணக்குப்பிள்ளை அண்ணன் கால்குலேட்டரை வைத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்களிடம் நேரில் போனேன். டெம்ப்ளேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "குரூப் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், உங்க டேட்டாதான் தப்பு. புது வெர்ஷன் வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஜாஸ்பர் குரூப்புக்காகத் தானாக எதையும் வரிசைப்படுத்தாது. டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையான குயரி தருகிற வரிகளை வந்தபடியே படிக்கும். குரூப் எக்ஸ்பிரஷனின் (எதை வைத்துப் பிரிக்கிறோமோ அது, இங்கே ஊர்ப் பெயர்) மதிப்பு மாறியதுமே பழைய குரூப்பை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கும். ரிப்போர்ட்டின் டெம்ப்ளேட்டான ஜேஆர்எக்ஸ்எம்எல் ஃபைலில் இருந்த குயரியில், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை கிடையாது, அவ்வளவுதான் விஷயம். குயரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லில் குரூப் பை போடச் சொல்பவர்களை நம்பாதீர்கள். லோடு விவரம் எல்லாம் ஊருக்கு ஒரே வரியாகச் சுருங்கிவிடும்.

ஆர்டர் பை போட்டதும் ஆத்தூர் சரியானது. வாழப்பாடி மட்டும் அடங்கவில்லை. ஒரு கணினியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் சேர்ந்திருந்தது. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லின் பழைய கொலேஷன்கள் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) கடைசி ஸ்பேஸைக் கண்டுகொள்ளாமல் இரண்டையும் ஒன்றாக எடுத்துக் கலந்து வரிசைப்படுத்தும். ஜாஸ்பர் ஓடும் ஜாவாவுக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். அதனால் பெயரை விட்டுவிட்டு ஊரின் குறியீட்டு எண்ணை வைத்தே வரிசையும் குரூப்பும் அமைத்தேன். அன்று மாலை ரிப்போர்ட்டில் ஊருக்கு ஒரே தலைப்பு. அண்ணன் கால்குலேட்டரை மேசைக்குள் வைத்துவிட்டார்.

ஊருக்குள் விவசாயிவாரியாகவும் பிரிப்பதானால், ஃபைலில் ஊர் குரூப் முதலில் இருக்க வேண்டும்; ஆர்டர் பையிலும் அதே வரிசை. மொத்தத்தைச் சேர்த்துவைக்கும் கூட்டல் வேரியபிளின் ரீசெட் டைப் (கூட்டலை எப்போது புதிதாகத் தொடங்குவது என்ற அமைப்பு) 'குரூப்' என்று இருக்கிறதா பாருங்கள். 'ரிப்போர்ட்' என்றே விட்டால் முந்தைய ஊரின் எடையும் சேர்ந்துகொண்டே போகும். மொத்தத்தைத் தலைப்பிலேயே காட்ட வேண்டுமானால் எண்ணை எப்போது நிரப்புவது என்று சொல்லும் எவாலுவேஷன் டைமையும் 'குரூப்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் லோடுகளைக் கூட்டி முடிக்கும் முன்பே அரைகுறை எண் அச்சாகிவிடும்.