மஞ்சள் கறை படிந்த ரசீது

நேற்று இரவு பன்னிரண்டு மணி வரை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க ரசீதுகள்தான். எங்கள் வட்டாரத்துச் சமூக அறக்கட்டளை ஒன்று உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி தர விண்ணப்பம் கேட்டிருக்கிறது. ஞாயிறு தமிழ் வகுப்பு, பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு என்று நாமும்தானே ஓட்டிக்கொண்டிருக்கிறோம், சரி, போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

பருப்பு வாங்கிய சீட்டில் பாதி எழுத்தைக் காணோம். காரில் கிடந்து வெயிலில் வெளுத்துவிட்டது. எண்ணெய் ரசீதில் மஞ்சள் கறை. "சமைச்சதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்கிறார் அக்கா!

காசு கேட்பது பெரிய வேலையில்லை, கணக்கு வைப்பதுதான். லாப நோக்கற்ற அமைப்புகளுக்கான 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த அமைப்பு, நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். விட்டால் பதிவே ரத்தாகலாம். ஒரு வருடம் நாங்கள் மறந்தே போனோம், பிறகு அடித்துப் பிடித்து அனுப்பினோம்.

அப்புறம் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் வரித்துறை தரும் அங்கீகாரம். அது இருந்தால் நன்கொடை தருபவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். கடை முதலாளிகளிடம் போய் நிற்க இதைவிட நல்ல பேச்சு கிடையாது.

ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் இப்படி விண்ணப்பம் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: சமையல் கேஸ் செலவை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள்?