பொங்கலுக்கு வந்த கேப்டன்

2023 ஜனவரி 13, வெள்ளி

அல்சூர் ஏரிக்கு வாக்கிங் போனால் மாமா பால் பாக்கெட்டோடு வருவார். இன்று ஒரு ஆளோடு வந்தார். எத்தியோப்பிய ராணுவத்தில் கேப்டனாம், பயிற்சிக்காக பெங்களூரு வந்திருக்கிறாராம். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவருக்கு எந்த நாட்டு ராணுவக்காரரும் சொந்தம்தான்.

காபி நீட்டினேன். நெஞ்சில் கை வைத்து வேண்டாமென்றார். அவர்கள் திருச்சபையில் புதனும் வெள்ளியும் விரதம். பால், நெய், முட்டை, கறி எதுவும் ஆகாது. வெறும் டிகாக்‌ஷன் கொடுத்தேன், குடித்தார். காபி பிறந்த நாட்டுக்காரர். சிக்கரி கலப்பைக் கண்டுபிடித்திருப்பார், காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாப்பிட வரச் சொல்லிவிட்டார் மாமா. சமைக்கப்போகிற என்னை யார் கேட்டார்கள்?

ஜனவரி 14, சனி

போகி. அவரைக்கொட்டை பிதுக்கிப் பிதுக்கி நகக்கண் எரிகிறது.

ஜனவரி 15, ஞாயிறு

1949-இல் கரியப்பா தலைமைத் தளபதியான நாள். ராணுவ தின பரேட் முதல்முறையாக டெல்லியை விட்டு வெளியே, அதுவும் நம் சேப்பர்ஸின் எம்.இ.ஜி. மைதானத்தில். பொங்கலும் இன்றே. மாமாவுக்குக் கால் தரையில் இல்லை.

இலை போட்டோம். கேப்டனுக்கு ஸ்பூன் தேவைப்படவில்லை. பிதுக்கம்பருப்புக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, உருட்டி, நேராக மாமா வாயருகே நீட்டினார். பிரியத்துக்கு ஊட்டிவிடுவது அவர்கள் ஊர் மரியாதையாம், குர்ஷா என்கிறார்கள். மாமா வாங்கிக்கொண்டார். அடுத்த உருண்டை அத்தைக்கு! எச்சில் பார்த்து டம்ளரைக்கூடத் தனியாக வைக்கும் அத்தை, "முருகா" என்று கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

பாயசம் வரும்போது மாமா பெருமையாக ஆரம்பித்தார்: "எங்க சேப்பர்ஸ் 1868-லயே உங்க ஊருக்கு, அதான் அப்போ அபிசீனியா, வந்திருக்காங்க, தெரியுமா?"

"மக்தலா," என்றார் கேப்டன். சேப்பர்ஸும் இருந்த பிரிட்டிஷ் படை அந்த மக்தலா கோட்டைக்குள் நுழைந்தபோது பிடிபட மனமில்லாமல் தன்னையே சுட்டுக்கொண்ட பேரரசர் தெவோத்ரோஸ் அவர்களுக்கு வீரர். குரலை உயர்த்தாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னார். மாமா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளி என்பதற்காக இதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா என்ன? எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு கூடியது.

பிறகு அவரே 1941-க்கு வந்தார். கெரன், அம்பா அலகி சண்டைகள், இத்தாலியர்களை விரட்டிய படையில் இந்தியர்கள். "அங்கயும் நம்ம பசங்கதான்!" மாமாவுக்கு உயிர் வந்தது. பாயசம் இரண்டாம் முறை போனது.

ஜனவரி 19, வியாழன்

இன்று அவர்களுக்குத் திம்கத், இயேசு ஞானஸ்நானம் பெற்ற திருநாள். கேப்டன் பச்சைக் காபிக்கொட்டையோடு வந்துவிட்டார். என் இரும்புச் சட்டியில் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுபோய்க் காட்டினார். மாடிவீட்டு அம்மா "ஏனாய்து?" என்று கீழே ஓடி வர, அவருக்கும் ஒரு டம்ளர்.

மூன்று சுற்று குடிக்க வேண்டுமாம். அதே தூளில் திரும்பத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பதால் போகப் போக லேசாகிறது. தொட்டுக்கொள்ளப் பொரி.

பழைய சகாக்களையும் கூப்பிடலாமா என்கிறார் மாமா. கொட்டை தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கிறேன். அரை டப்பா இருக்கிறது.