தம்பியின் சிலந்தி: ஆகஸ்ட் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 9, 2024

பெட்டியின் மேல் தம்பியின் கையெழுத்தில் ‘பிராக்கிபெல்மா ஸ்மிதி’ என்றிருக்கிறது. அதை அப்படியே, வெளிநாட்டு வளர்ப்பு உயிரினங்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளப் படிவத்தில் எழுத மனம் வரவில்லை. மெக்சிகோவின் இந்தச் சிவப்பு முட்டி டரன்டுலாக்களை (முடி அடர்ந்த பெரிய சிலந்திகள்) மென்டோசா, ஃபிராங்கே என்ற ஆய்வாளர்கள் 2017இல் மறு ஆய்வு செய்தபோது, ஸ்மிதி என்று வளர்க்கப்பட்டவற்றில் பல, ஹமோரி என்னும் வேறோர் இனம் எனத் தெரியவந்தது. இதை அவனிடம் கேட்டால் பதில் வர வேண்டுமே.

ஆகஸ்ட் 11

முட்டிச் சிவப்பு இரண்டுக்கும் பொது. அதைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 12

முகத்துக்கு நேரெதிரே டார்ச் விளக்கைப் பிடித்து, நச்சுப்பற்களைத் தாங்கும் தாடைகளை வெகுநேரம் பார்த்தேன். கண்களுக்குக் கீழே, சாம்பல் நிறத்தின் மீது பழுப்பு கலந்த இளஞ்சிவப்பில் இரண்டு பட்டைகள் தெரிந்தால் ஹமோரி. ஆனால் எல்லா ஹமோரிகளிலும் அவை தெரிவதில்லை என்பதால், பட்டை இல்லாததை மட்டும் வைத்து ஸ்மிதி என்று முடிவு கட்டவும் இயலாது. மேல்பட்டை இருப்பது போலிருக்கிறது. கீழ்ப்பட்டை, விளக்கைச் சாய்க்கும்போது ஒரு கணம் தெரிந்து மறைகிறது.

காட்டில் என்றால் இவ்வளவு தவிப்பு இல்லை. பால்சாஸ் ஆற்றுப் படுகைக்கு வடக்கே ஹமோரியும் தெற்கே ஸ்மிதியும் வாழ்கின்றன. செல்லூரில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்கு எது கரை?

ஆகஸ்ட் 14

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து வந்த அத்தை, அங்கே புளியமரப் பொந்தில் பார்த்ததும் இதுதான் என்றார். அது 2004இல் விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்னும் மர டரன்டுலாவாக இருக்கலாம். சாம்பல் நிறத்தில் கோலமிட்ட உடல், மரத்தில் வாழ்க்கை, அரிக்கும் முடிகளை உதறும் வழக்கமே இல்லை. இது மண்ணில் வாழ்வது. பின்னங்கால்களால் வயிற்று முடிகளைத் தேய்த்து உதறுவது. அத்தைக்கு இரண்டின் படங்களையும் காட்டினேன். அவர் தம்பியைப் பற்றிக் கேட்டார்.

ஆகஸ்ட் 17

பதில் இல்லை.

ஆகஸ்ட் 20

முடி உதிர்ந்த வயிற்றுப் பகுதி கருத்துவிட்டது, இரையையும் தொடவில்லை. சட்டை உரிக்கப் போகிறது. நிறம் மங்கியிருக்கும் இந்த நேரத்தில் பட்டைகளைத் தேடுவது வீண். படிவத்துக்கு 28ஆம் தேதி கடைசி. இனப்பெயர் இடம் காலியாகவே இருக்கிறது.

ஆகஸ்ட் 25

விடியற்காலையில் மல்லாந்து கிடக்கிறது. அம்மா செத்துவிட்டதென்று அழுதார். இப்படித்தான் உரிக்கும் என்று சொல்லித் தேற்றினேன். பெட்டியை யாரும் அசைக்கக் கூடாது. உரித்த சட்டை சுருங்குவதற்குள் தண்ணீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியை விரித்தால், பெண்ணாக இருக்கும் பட்சத்தில் ஆணிடமிருந்து பெற்ற விந்தைச் சேமிக்கும் விந்துப்பையின் வடிவம் தெரியும். இரு இனங்களிலும் அது வேறுபடும். எதிர்வீட்டு அண்ணனிடம் பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன்.