ஸ்பிதிக்குப் போன ஜிப்ஸியும் அதன் மெல்லிய பட்டைகளும்

சென்ற ஆண்டு செப்டம்பரில், இமாச்சலத்தின் கிராம்பூவிலிருந்து பாத்தால் செல்லும் சாலையில், ஓர் ஓடையின் நடுவே என் மாருதி ஜிப்ஸி நின்றுபோனது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. எஞ்சின் சீராக ஓடியது. நான்கு சக்கர இயக்கத்தையும் தாழ்ந்த கியரையும் போட்டிருந்தேன். ஆயினும் முன் இடது சக்கரம் ஒரு பாறைமேல் ஏறியதும், முன் வலது சக்கரமும் பின் இடது சக்கரமும் தரையை விட்டு எழும்பி, வெறும் காற்றிலும் நுரையிலும் சுழன்றன. பின்னால் வந்த லாரிக்காரர் கயிறு போட்டு இழுத்துவிட்ட பிறகுதான் கரையேறினோம்.

அந்தப் பயணத்துக்கு முன்புதான், ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு, பின்பக்கத்தில் இரு புறமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருந்தேன். சக்கர அச்சின்மேல் வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகு அடுக்கான லீஃப் ஸ்பிரிங்கின் ஒவ்வோர் இலையையும் எங்கள் ஊர் லாரிப் பட்டறைகளில் பட்டை என்பார்கள். பட்டைகள் சேர்ந்தது கட்டு. வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்து பார்க்க மிடுக்காக இருந்தது. ஆனால் உயரம் கூடிய அளவுக்கு விறைப்பும் கூடிவிட்டது. எஞ்சினின் விசையை ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், ஜிப்ஸியில் அவ்விரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கும் பூட்டு இல்லாத சாதாரண வகை. ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்று அந்தரத்தில் தொங்கினால், மற்றொன்று தரையில் எவ்வளவு அழுந்தி நின்றாலும் அதற்கும் தொங்கும் சக்கரத்தின் அளவுக்கு மேல் இழுவிசை கிடைக்காது. எனவே பூட்டு இல்லாத வண்டிக்கு, நான்கு சக்கரங்களும் முடிந்தவரை மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பதே உயிர். அதைச் செய்து தர வேண்டியது இந்தப் பட்டைக் கட்டு.

1985 இறுதியில் அறிமுகமாகி, 1996இல் 1298 சிசி எஞ்சினுடன் ஜிப்ஸி கிங் ஆன இந்த வண்டியில், முன்னும் பின்னும் திடமான அச்சுகள். நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடலாமே என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். காயில் பாரத்தைத் தாங்குவதோடு நின்றுவிடும். அச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தத் தனியாகக் கைகளும் தாங்கிகளும் பற்றவைக்க வேண்டும். பட்டைக் கட்டு பாரத்தைத் தாங்குவதுடன் அச்சை முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் தானே பிடித்துக்கொள்கிறது. நம் முன்னோர் வில் வண்டி என்று அழைத்த மாட்டுவண்டியில் இருந்த வில்லும் இதே ஏற்பாடுதான். மேலும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஓடும் லாரிகளும் பேருந்துகளும் பட்டையில்தான் நிற்கின்றன. அங்கே ஒரு பட்டை முறிந்தால் அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் கிடைக்கும். ஆகவே லீஃப் ஸ்பிரிங்கை விடாமல், அதை எப்படி வளையவைப்பது என்பதிலேயே இந்த ஆண்டின் எட்டு மாதங்களைச் செலவிட்டேன்.

கோவையில் லாரிகளுக்குப் பட்டை கட்டும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "தம்பி, வண்டி உசரமா இருக்கோணுமா, இல்ல சக்கரம் மண்ண விடாம இருக்கோணுமா? ரெண்டும் ஒண்ணா வராதுங்க." பிறகு கட்டை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றி, கட்டை இறக்கி, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை எடுத்தார். பட்டைகளுக்கு நடுவிலிருந்து செங்கல் பொடி போலத் துரு கொட்டியது. ஒவ்வொரு பட்டையின் அடிப்புறத்திலும், கீழ்ப் பட்டையின் முனை உரசி உரசி, நகத்தை வைத்தால் மாட்டும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நான்கைந்து பட்டைகள் இப்படித் துருவேறி ஒட்டிக்கொண்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே தடித்த இரும்புபோல நடந்துகொள்ளும். சிறிய மேடு பள்ளங்களில் வண்டி நம்மைத் தூக்கி அடிப்பதற்குப் பாதிக் காரணம் இந்த உரசல்.

மீதிப் பாதி தடிமனில் இருக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மற்ற அளவுகள் ஒன்றாக இருப்பதாக வைத்துக்கொண்டால், 6 மில்லிமீட்டர் பட்டை ஒன்றின் விறைப்பு 216 பங்கு (6 × 6 × 6). 5 மில்லிமீட்டர் பட்டைக்கு 125 பங்குதான். அதாவது 6 மில்லிமீட்டரில் மூன்று பட்டைகள் (648) சுமப்பதை 5 மில்லிமீட்டரில் ஐந்து பட்டைகள் (625) ஏறக்குறையச் சுமந்துவிடும். பாரம் தாங்குவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை, வளைவதில் உண்டு. ஒரே அளவு வளையும்போது எஃகின் மேற்பரப்பில் ஏறும் இழுவை தடிமனுக்கு ஏற்பவே கூடும் என்பதால், மெல்லிய பட்டை தன் எல்லையை எட்டுமுன் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக வளைந்து மீளும். எண்ணிக்கையைக் கூட்டித் தடிமனைக் குறைத்தால் பாரமும் நிற்கும், நெகிழ்வும் கிடைக்கும். பட்டை கூடினால் விறைக்கும் என்று மட்டுமே அதுவரை நம்பியிருந்த எனக்கு, இந்தக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது.

பின்பக்கத்துக்கு 5 மில்லிமீட்டரில் நீளமான நான்கு பட்டைகளை எடுத்து, அவற்றுக்கு அடியில் வளைவில்லாத தடித்த பட்டை ஒன்றைச் சிறு இடைவெளி விட்டு வைத்தோம். வண்டி வெறுமையாக இருக்கும்போது மெல்லிய பட்டைகள் மட்டும் வேலை செய்யும். கூடாரமும் டீசல் அடுப்பும் பெட்ரோல் கேன்களும் ஏறி வண்டி அமரும்போதுதான் அடிப்பட்டை தோள் கொடுக்கும். முன்பக்கத்துக்கு எஞ்சினின் எடை எப்போதும் ஒன்றே என்பதால் அடிப்பட்டை தேவைப்படவில்லை. மெயின் பட்டையின் கண், அதாவது வண்டிச் சட்டத்தோடு மாட்டும் முனை வளையம், முறிந்தால் அச்சு நழுவிவிடக் கூடாது என்று, இரண்டாம் பட்டையின் முனையை அந்தக் கண்ணைச் சுற்றித் தளர்வாக வளைக்கச் சொன்னேன். ராணுவ வண்டிகளில் இருக்கும் ஏற்பாடு இது; பட்டை மெலியும்போது இந்தக் காப்பு கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டை முனைகளில் நைலான் வில்லைகள் வைத்து, உரசும் பரப்பில் கிராஃபைட் கிரீஸ் தடவினோம்.

பழைய பட்டைகளையே சுத்தியலால் அடித்து வளைவைக் கூட்டித் தருகிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். அதில் செலவு குறைவுதான். ஆனால் சூடேற்றி எண்ணெயில் பதப்படுத்தாமல் குளிர்நிலையில் அடித்த வளைவு சில மாதங்களில் படுத்துவிடும் என்பதை மற்றொரு வண்டியில் கண்டவன் நான். ஜிப்ஸியின் அச்சுக்கு அடியில் இருக்கும் கட்டை அச்சுக்கு மேலே மாற்றி ஏற்றும் முறையும் உண்டு. உயரம் ஏராளமாகக் கிடைக்கும், பாறையில் இடிபடும் யு போல்ட் தகடுகளும் மேலே போய்விடும். ஆனால் மெல்லிய பட்டைகளோடு அதைச் செய்தால், பலமாக முடுக்கும்போது அச்சு முறுக்கிப் பட்டையை எஸ் வடிவில் வளைத்துவிடும். ஸ்டியரிங் கம்பிகளின் கோணமும் கெடும். எனக்கு அந்த உயரம் தேவையும் இல்லை.

கட்டு நெகிழ்ந்தால் அதோடு சேர்ந்தவை எல்லாம் நீள வேண்டும். வண்டியைச் சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, பட்டை இறங்குவதற்கு முன்பே பழைய ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு வந்து சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியது. முன் பிரேக் குழாய்களும் வீணைத் தந்திபோல் விறைத்து நின்றன. இவற்றை மாற்றாமல் பட்டையை மட்டும் மாற்றியிருந்தால், குழாய் அறுந்து மலையிறக்கத்தில் பிரேக் இல்லாமல் போயிருக்கும். நீளமான ஷாக்குகளும் நீளமான குழாய்களும் போட்ட பிறகுதான் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் இறுதியில் நானும் என் மைத்துனரும் கோவையிலிருந்து கிளம்பினோம். பெங்களூரு, ஹைதராபாத் வழியாக நாக்பூர் வரை நெடுஞ்சாலை. அதில் சொல்ல அதிகமில்லை. வளைவுகளில் வண்டி முன்பைவிடச் சற்று அதிகமாகச் சாய்ந்தது, அதற்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். நாக்பூரில் இரவு தங்கியபோது யு போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். எட்டிலும் கால் சுற்று இடம் கொடுத்தது. புதுக் கட்டு போட்டால் சில நூறு கிலோமீட்டரில் பட்டைகள் படிந்து போல்ட் தளரும். அதை இறுக்காமல் விட்டால் சென்டர் போல்ட் ஒன்றே அச்சின் முழுத் தள்ளலையும் வாங்கி அறுபடும். இந்தக் கால் மணி நேர வேலையை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

மணாலியிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காஸா சுமார் 200 கிலோமீட்டர், இடையில் பெட்ரோல் பங்க் கிடையாது. தொட்டியை நிரப்பி, கேன்களையும் நிரப்பிக்கொண்டு, விடியுமுன் அடல் சுரங்கப் பாதையைக் கடந்து, கோக்சர் வழியாகக் கிராம்பூவில் ஸ்பிதிச் சாலைக்குப் பிரிந்தோம். பனி உருகி வரும் ஓடைகள் காலையில் வற்றியும் பிற்பகலில் பெருகியும் இருக்கும் என்பதால் அந்தச் சாலையில் நேரம்தான் முதல் கருவி. தார் முடிந்ததும் டயர்க் காற்றை 20 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். உருண்டைக் கற்கள் பரந்த பாதையில் முந்தைய ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிய இடங்களில், இம்முறை மைத்துனர் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்ற முயன்றார். பாதி மடியில் சிந்தியது என்றாலும் பாதி குவளையில் விழுந்தது.

சத்ரூவைத் தாண்டி, நாங்கள் சிக்கிய அதே ஓடை வந்தது. மைத்துனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, நான் இறங்கிக் கரையோரக் கல்லில் குந்தி உட்கார்ந்தேன். வண்டி தாழ்ந்த கியரில் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. முன் இடது சக்கரம் பாறைமேல் ஏறியபோது, பட்டைகள் வளைவிழந்து நேராகி, அதையும் தாண்டி எதிர்ப்பக்கமாக லேசாக வளைந்தன. கட்டின் முன்முனையைச் சட்டத்தோடு இணைக்கும் அசையும் இணைப்பான ஷேக்கிள் முன்னோக்கிச் சாய்ந்து அந்த நீளத்துக்கு இடம் கொடுத்தது. அதே நொடியில் பின் இடது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டே போனது. மெல்லிய நான்கு பட்டைகளும், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகளுக்கிடையே விசிறிபோல் சற்றே பிரிய, அவற்றின் விளிம்புகளில் கறுத்த கிரீஸ் மின்னியது. சக்கரம் ஓடையின் அடியைத் தொட்டது. டயர் கூழாங்கல்லைக் கவ்வி உருளும் ஓசை கேட்டது. ஒருமுறைகூட வழுக்காமல் வண்டி அக்கரையில் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து நீர் வடித்தது. நான் எழுந்து ஓடையைத் தாண்டுவதற்குள் என் கண்கள் கலங்கிவிட்டன என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

முன்பக்கம் மட்டும் இன்னும் முழு நிறைவு இல்லை. ஜிப்ஸியில் முன் கட்டின் ஷேக்கிள் முன்முனையில் இருப்பதால், சக்கரம் மேலேறும்போது அச்சு பின்னோக்கி விலகாமல், எதிரே வரும் கல்லை நோக்கியே நகர்கிறது. பாத்தால் வரையிலான ஒவ்வொரு கூர்மையான கல்லிலும் அந்த மோதலைக் கையில் உணர்ந்தேன். எவ்வளவு மென்மையான பட்டை போட்டாலும் இது முற்றிலும் தீராது. ஷேக்கிளைப் பின்முனைக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்கிறேன்; பிரேக் அழுத்தும்போது முன்புறம் அதிகமாக அமுங்கும் என்பதால் இன்னும் முடிவு செய்யவில்லை.

4,551 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்சும் கணவாயில், மற்ற ஓட்டுநர்களைப் போல நாங்களும் தேவியின் கோயிலை வண்டியோடு வலம் வந்து, லோசார் வழியாக மாலையில் காஸா சேர்ந்தோம். மறுநாள் காலை சேற்றைக் கழுவிவிட்டு, வண்டிக்கடியில் பாயை விரித்துப் படுத்தேன். பின் வலது கட்டின் ஒரு கிளிப் நெகிழ்ந்திருந்தது; ஒரு நைலான் வில்லை பாதி நசுங்கியிருந்தது. கோவையில் சுமையோடு அளந்து குறித்து வைத்திருந்த வளைவை அளந்தேன்: அங்கே 62 மில்லிமீட்டர், இங்கே 60. கிளிப்பை இறுக்கி, நசுங்கிய வில்லைக்குப் பதில் புதியதைச் செருகி, அந்த 60ஐயும் தேதியோடு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊர் திரும்பியதும் பெரியவர் முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.