மூன்றாவது கோல்கீப்பரின் நோட்டுப் புத்தகம்

ஒன்டாரியோவில் ஒரு பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியில் நான்கு ஆண்டுகள் கோல்கீப்பராக இருந்தேன். லீக் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட இறங்கியதில்லை. அணியில் கோல்கீப்பர்கள் மூவர், ஆட்டத்துக்கு உடை மாற்றுவது இருவர். நான் மூன்றாமவன். ஆட்டம் நடக்கும் இரவுகளில் டை கட்டிக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். எங்கள் வலைக்குள் போன ஒவ்வொரு கோலுக்கும் அதில் ஒரு வரி எழுதினேன். அந்த நோட்டுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

இப்போது அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முழுநேர கோல்கீப்பர் பயிற்சியாளராக இருக்கிறேன். இது இரண்டாவது பருவம். இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பெற்றோர் சிலர் கேட்பதால் என் வழியை எழுதுகிறேன்.

நோட்டில் முதல் ஆண்டு, ஷாட் எங்கிருந்து வந்தது என்று மட்டும் குறித்தேன். இரண்டாம் ஆண்டில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: பக் (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) மட்டையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் கோல்கீப்பரின் கால்கள் நின்றிருந்தனவா, இன்னும் நகர்ந்துகொண்டிருந்தனவா? அந்தக் கட்டம் எனக்குக் கண்ணைத் திறந்தது. வலை ஆறடி அகலம், நான்கடி உயரம். நின்று நிதானித்தவனைத் தாண்டிப் போன கோல்கள் குறைவு. வழுக்கிக்கொண்டே இருந்தவனின் கையிடுக்கிலும் காலிடுக்கிலும் புகுந்தவைதான் அதிகம். கை வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். நான் காலைப் பார்க்கப் பழகினேன்.

படிப்பு முடிந்ததும் ஹாக்கி கனடா கோல்கீப்பர் பயிற்சியாளர்களுக்கு நடத்தும் வகுப்பை முடித்தேன். சிறுவர்களோடு வேலை செய்யக் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும், அதையும் வாங்கினேன். பகலில் கிடங்கு வேலை, விடியற்காலையிலும் வார இறுதியிலும் கோல்கீப்பர் பள்ளி. எட்டு வயதுப் பிள்ளைக்கு, இரண்டு முழங்காலும் ஒன்றாக விழும் பட்டர்ஃப்ளையைச் சொல்லிக் கொடுக்க முடிந்தால் யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். நான் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அப்பாவுக்கு இது ஒரு தொழில் என்று நம்பிக்கை வரவில்லை. அவருக்குக் கென் டிரைடன் என்றால் டொராண்டோவின் யோர்க் சென்டர் தொகுதி எம்.பி.யாகவும் மத்திய அமைச்சராகவும் இருந்தவர். அதே மனிதர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வலையைக் காத்து 1967இல் தேசியப் பட்டம் வென்றவர், பிறகு மொன்றியல் அணிக்காக ஆடிக்கொண்டே சட்டம் படித்தவர் என்று சொன்னேன். அப்பா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் காலை, நான் கிளம்புமுன் காரின் மேலிருந்த பனியை அவரே வழித்து வைத்திருந்தார்.

அடுத்து ஒரு பல்கலைக்கழக அணியில் பகுதிநேர வேலை. பெட்ரோலுக்குத்தான் அந்தப் பணம் சரியாக இருக்கும். கொரோனாவால் 2020-21 பருவமே ரத்தானபோது, பழைய ஆட்டங்களின் வீடியோவை வெட்டி வெட்டி என் நோட்டின் கட்டங்களுக்குள் அடுக்கினேன். விண்ணப்பத்தோடு அனுப்ப என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

அமெரிக்காவில் முதல் டிவிஷன் அணிகள் பலவற்றில் கோல்கீப்பர் பயிற்சியாளர் சம்பளமில்லாத தன்னார்வலராகவே இருந்தார். வெளிநாட்டவன் அப்படிப் போய்ப் பிழைக்க முடியாது. 2023 ஜூலையில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ அந்தத் தன்னார்வப் பதவியையே நீக்கி, சம்பளம் பெறும் பயிற்சியாளர்களின் எண்ணிக்கையை உயர்த்தியது. எனக்குக் கதவு திறந்தது அப்போதுதான். பதினொரு இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்தில் மூன்று சுற்றுப் பேசிவிட்டு, இல்லை என்ற ஒரு சொல்லைக்கூட அனுப்பவில்லை. அந்த மூன்று வாரங்கள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன், இன்னும் மனது ஆறவில்லை.

வேலை கிடைத்த இடத்தில் மூன்று கோல்களின் வீடியோவைக் காட்டி விளக்கச் சொன்னார்கள். அதற்கு நான் தயாராகவே இருந்தேன். பிறகு தலைமைப் பயிற்சியாளர் கேட்டார்: "உங்கள் மூன்றாவது கோல்கீப்பருக்குச் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்?" அந்தக் கேள்விக்காக நான் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தேன். செவ்வாய்தான் அவனுக்கு ஆட்ட நாள் என்றேன். மற்றவர்கள் வருமுன் இருபது நிமிடம் ஐஸ் அவனுக்கு மட்டும். அவன் ஷாட்டுகளையும் வீடியோவில் எடுப்பேன், முதலாமவனுக்குப் போடும் அதே கட்டங்களில் குறிப்பேன். அடுத்த வாரமே அழைப்பு வந்தது.

எச்-1பி விசாவில் பல்கலைக்கழக வேலைகளுக்குக் குலுக்கல் கிடையாது. கனடியக் குடியுரிமை இருந்ததால் தூதரகத்தில் முத்திரையும் வேண்டியிருக்கவில்லை. ஒப்புதல் கடிதத்தை எல்லையில் காட்டினேன். உடற்கல்வியியல் பட்டம் அங்கே கைகொடுத்தது.

இந்தப் பருவத்தில் நெருக்கடி கூடியிருக்கிறது. கனடாவில் இளைஞர்களுக்கான உயர்மட்ட லீக்கான மேஜர் ஜூனியரில் ஆடியவர்களும் 2025-26 முதல் கல்லூரியில் ஆடலாம் என்று விதி மாறியதால், தேறி வந்த கோல்கீப்பர்கள் நேராக முதலிடத்துக்கு வருகிறார்கள். எங்கள் மூன்றாமவன் இன்னும் பின்னால் தள்ளப்பட்டான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய், கம்பத்தை ஒட்டி முழங்காலில் இறங்குவதைப் பழகிக்கொண்டிருந்தோம். ஸ்கேட்டின் முனையைக் கம்பத்தில் ஊன்றி, காலில் கட்டிய பேடை ஐஸில் படுக்கவைத்து, தோளால் மேல் மூலையை அடைக்க வேண்டும். அவன் இறங்கும்போதெல்லாம் பேடுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி. பக்கின் தடிமன் ஓர் அங்குலம்தான். அந்த இடைவெளியில் ஒரு பக்கை நிறுத்திக் காட்டினேன். பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பைச் சற்றே உள்ளே திருப்பி மறுபடி இறங்கினான். இரும்பில் ஸ்கேட் 'டக்' என்று மோதியது. இருபத்தைந்து முறையாவது இறங்கியிருப்பான். கடைசியில் பக் உள்ளே போகவில்லை.

அந்த வாரம் முதலாமவனுக்குத் தொடை இடுக்கில் பிடிப்பு. சனிக்கிழமை இவன் மாற்றுக் கோல்கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்தான், ஆட்டத்தில் இறங்கவில்லை. அடுத்த செவ்வாய் நான் ரிங்குக்குப் போனபோது விளக்குகள் பாதிதான் எரிந்துகொண்டிருந்தன. அவன் பேட் கட்டி, முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, கம்பத்தின் அருகே ஏற்கெனவே நின்றிருந்தான்.